கரண்டிக்கு ஒரு வீடு

காஸ்த்ரோ நகரத்து அலுவலகத்தில்
ஒன்றரை நொடியில் திறந்த பக்கம்
இந்தத் துறையில், இந்த மழையில்
வட்டமடித்துக்கொண்டே இருக்கிறது.

எடெல்மிரா கைபேசியை உயர்த்துகிறாள்,
இடப்பக்கம் சாய்க்கிறாள்,
கோழிக்குஞ்சுக்கு மூச்சிருக்கிறதா என்பதுபோல்
காதருகே வைத்தும் பார்க்கிறாள்.
ஒரே ஒரு கோடு சிக்னல்.
காலடியில் உருளைக்கிழங்கு, இரண்டு மூட்டை,
தோல் ஊதாவான தீவு ரகம்.
சாக்கின் மூலை நனைந்துவிட்டது.
"நாலரைப் படகு உண்டா இல்லையா,
அவ்வளவுதானே கேட்டேன்" என்கிறாள்
யாரையும் பார்க்காமல்.

பக்கத்தில் நிற்கிறேன்.
பக்கத்தை எழுதியவன் நான்தான்
என்று சொல்லவில்லை.

தலைப்பில் அலை அசைய வேண்டும் என்றார் மேலாளர்.
அலைக்கு ஒரு நூலகம் சேர்த்தேன்.
தேதிக்குப் பக்கத்தில் 'செவ்வாய்' என்று காட்ட
இன்னொன்று.
(வாரத்துக்கு ஏழே நாள்.
ஏழு சொல் எனக்கு எழுதத் தெரியாதா?)
அந்த ஒன்றுக்கு ஒன்பது தேவைப்பட்டது,
ஒன்பதும் பந்திக்கு வருவதுபோல்
பெண்டு பிள்ளைகளோடு வந்திறங்கின.
யார் எவரென்று நான் விசாரிக்கவில்லை.
நூலகம் என்றுதான் பெயர்,
இழுத்தால் நூல் நூலாக வந்துகொண்டே இருக்கிறது.

சிலோயே தீவில் வீட்டையே நகர்த்துவார்கள்.
அடியில் உருளைக்கட்டை, முன்னால் எருதுகள்,
கயிற்றில் ஊரின் அத்தனை கையும்.
மிங்கா என்பார்கள்.
கூலி கிடையாது. வேலை முடிந்ததும் வீட்டுக்காரன்
எல்லோருக்கும் வயிறாரப் பரிமாற வேண்டும்.

நானும் வீடு இழுத்துத்தான் வந்திருக்கிறேன்
எடெல்மிராவின் உள்ளங்கை வரைக்கும்,
உள்ளே கிடக்கும் ஒரு கரண்டிக்காக.
இழுத்தவர் ஒருவருக்கும்
ஒரு வாய்ச் சோறு போடவில்லை.

நாலரைக்குப் படகு வந்தது.
நாலு முப்பத்தெட்டுக்குப் பக்கம் திறந்தது,
நடுக்கால்வாயில்.
திரையில் நீலமாய் ஓர் அலை ஆடியது.
சுற்றிலும் ஆடியது சாம்பல் நிறம்,
அது மூட்டையின் இன்னொரு மூலையையும் நனைத்தது.
"பார், படகு உண்டாம்!"
எடெல்மிரா சிரித்த சிரிப்பில்
இயந்திரத்தருகே இருந்த பையன்கூடத் திரும்பினான்.

அன்றிரவு கோப்புறையைத் திறந்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
முதலில் அலையை அழித்தேன்.
கிழமைகளை ஒரே வரியில் எழுதினேன்.
நேரப் பட்டியலை வெறும் எழுத்தாய் முதலில் வைத்தேன்,
மற்றதெல்லாம் பிறகு வரட்டும்,
வராமலும் போகட்டும்.

மாகாலி என் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்தாள்.
"வீறாப்பில் எல்லாவற்றையும் கையால் செய்துவிடாதே.
பணம் கட்டும் இடத்துப் பூட்டைத் தொடாதே.
அதற்கு ஆயிரம் பேர் கண் பட்டிருக்க வேண்டும்."
சரிதான். கண் படுவது நல்லதாகும் இடமும் உண்டு.
ஓதக் கணக்கும் எனக்கு வராது.
அதையும் வைத்துக்கொண்டேன்,
சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடாதபடி
பதிப்பு எண்ணை ஆணியடித்து.

அப்புறம், இரண்டு வருடத்தில் முதல்முறையாக,
அதைத் திறந்து படித்தேன்.
எழுதியவள் போக்னா, ஊர் கிடீனியா, போலந்துக் கடற்கரை.
முகப்பில் ஒரு குறிப்பு, நாலு வருடம் பழையது:
"கையில் குழந்தை. பதில் தாமதமாகும்."
நாற்பத்தொன்றாம் வரியில்
தெற்குக் கடலுக்கு மட்டும்
ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது.
அதை நாங்கள் ஆறு நிமிடப் பிசகாக
மாலுமிகளிடம் திட்டு வாங்கிச் சுமந்திருக்கிறோம்,
அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

குறியைப் போட்டு அனுப்பினேன்.
சோற்றுக்குப் பதிலாகக் கொஞ்சம் பணமும்.

'அலை எங்கே?' என்று மேலாளரின் கடிதம்
மூன்று நாளாய்த் திறந்து கிடக்கிறது.
பதினோராம் நாள் விடியுமுன் இன்னொன்று வந்தது,
கிடீனியாவிலிருந்து:

"நன்றி. சரிபார்க்க
என்னிடம் தெற்குக் கடல் இல்லை.
அங்கே மழையா?"